ஐந்து விநாடியும் எட்டு விநாடியும்

விமானத்தின் வேகம் குறைகிறது என்பதை விமானிக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? பெங்களூரில் 92 உயிர்களைக் கொண்டுபோன இந்தக் கேள்வி, குரோம்பேட்டை முதல் காட்டாங்குளத்தூர் வரை விமானவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரின் மேசைக்கும் வர வேண்டியது.

காட்டாங்குளத்தூரில் ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் ஒரு சூத்திரத்தை மூச்சுவிடாமல் சொல்வார். இறக்கை தரும் தூக்குவிசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறாமல் இருந்தால், வேகம் பாதியாகும்போது தூக்குவிசை கால்பங்காகிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே, தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். விமானம் ஏன் வேகத்தை நம்பி வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

அந்தச் சூத்திரம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் இரண்டு விமானிகளும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேகம் மெல்ல மெல்ல வடிகிறது. அதை அவர்களுக்கு யார் சொல்வது? எத்தனை விநாடிக்கு முன்னால் சொல்வது? திரையில் நிறம் மாற்றியா, மணி அடித்தா, வாய்விட்டுப் பேசியா? இது விமானவியலும் மின்னணுவியலும் மனித மனமும் ஒன்றாகச் சந்திக்கும் இடம்.

சென்னையின் தெற்குப் புறநகருக்கு இந்தக் கேள்வியில் தனி உரிமை உண்டு. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியின் முதல் பாடப்பிரிவுகளிலேயே விமானப் பொறியியலும், மின்னணுவியலும், கருவியியலும் இருந்தன. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்து, தாழ்வாகப் பறந்து தாக்கும் போர்விமானம் ஒன்றின் வடிவமைப்பில் ராப்பகலாக உட்கார்ந்தது அங்கேதான். அடுத்துத் தாம்பரம். இந்திய விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1954-ல் அங்கே வந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் இடம் அது. அதே ரயில் பாதையில் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர். 2011 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. ஏந்திச் சென்ற எஸ்.ஆர்.எம்.சாட் என்ற சிறு செயற்கைக்கோளை உருவாக்கியவர்கள் அங்குள்ள எஸ்.ஆர்.எம். மாணவர்கள். வடிவமைப்பவர், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஆய்வு செய்பவர் என்று மூவரும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 14, 1990

நம் மண்ணில் இந்தக் கேள்வி ரத்தத்தால் எழுதப்பட்டது பெங்களூரில். மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, புத்தம் புதிய ஏர்பஸ் ஏ320. மதியம் ஒரு மணி. வானம் தெளிவு. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. 146 பேர் இருந்தார்கள். பழைய எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே, அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் தரையில் மோதியது. மேடு ஒன்றில் இடித்துத் தீப்பற்றியது. 92 பேர் இறந்தார்கள்.

நடந்தது இதுதான். ஏ320-ன் தானியங்கி உந்துவிசைக்குப் பல நிலைகள் உண்டு. ஒரு நிலையில், வேகம் குறைந்தால் என்ஜின் தானே கூடுதலாக உழைத்து வேகத்தைக் காக்கும். 'ஓப்பன் டிசென்ட்' என்ற இன்னொரு நிலையில், என்ஜின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த உந்துவிசையில், கிடக்கும். மூக்கைத் தாழ்த்தியோ உயர்த்தியோதான் வேகத்தைக் காக்க வேண்டும். உயரத்திலிருந்து இறங்கி வருவதற்கு அது சரியான நிலை. ஓடுபாதைக்கு அருகில் அது ஆபத்து. இறங்கும் பாதையைவிட்டுக் கீழே போகாமலிருக்க விமானி மூக்கைத் தூக்கிப்பிடித்தால், உயரம் நிற்கும், வேகம் கரையும். இறங்கும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் குமிழுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த உயரத்துக்கான குமிழ் திருப்பப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. நிலை மாறியதை விமானிகள் கவனித்தபோது, திரையில் வழிகாட்டும் இரண்டு ஃப்ளைட் டைரக்டர்களில் ஒன்று மட்டும் அணைக்கப்பட்டது. இரண்டும் அணைந்திருந்தால் என்ஜின் வேகத்தைக் காக்கும் நிலைக்குத் திரும்பியிருக்கும். ஒன்று எரிந்துகொண்டிருந்ததால் என்ஜின்கள் ஐடிலிலேயே கிடந்தன.

சுமார் 132 நாட், அதாவது மணிக்கு 245 கிலோமீட்டர் இருக்க வேண்டிய வேகம், கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 25 நாட் குறைந்திருந்தது. அதன் பிறகே கணினியின் கடைசிப் பாதுகாப்பு விழித்து முழு உந்துவிசை கேட்டது. என்ஜின்கள் கேட்டதைக் கொடுக்கத் தொடங்கின. அவை கொடுத்து முடிப்பதற்குள் தரை வந்துவிட்டது.

கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி சிவசங்கர பட் தலைமையில் விசாரணை நடந்தது. விமானிகள் வேகத்தைக் கவனிக்கத் தவறியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மைதான். ஆனால் அவர்கள் கண்ணுக்கு முன்னால் வேக அளவு இருந்தது. நிலையைச் சொல்லும் எழுத்துகளும் இருந்தன. இருந்தும் அந்தத் தகவல் மனதில் இறங்கவில்லை. கண்ணுக்கு எதிரே இருப்பது ஏன் மனதுக்கு எட்டவில்லை என்று கேட்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

உடம்பு சொல்லாததைத் திரை சொல்ல வேண்டும்

சைக்கிளில் வேகமாகப் போகிறவருக்கு ஹேண்டில்பார் அடங்கி நிற்கும். ஊர்ந்து போகிறவருக்குத்தான் அது இரண்டு பக்கமும் அலையும். சிறிய பயிற்சி விமானத்திலும் வேகம் குறைந்தால் உடம்புக்கே தெரிந்துவிடும். காற்றின் இரைச்சல் அடங்கும். கையிலுள்ள ஸ்டிக் தொளதொளவென்று ஆகும். மூக்கைப் பிடித்துவைக்க இன்னும் இழுக்க வேண்டியிருக்கும். இறக்கைமேல் ஓடும் காற்று பிய்ந்து, உடற்பகுதி அதிரும். அதுதான் 'ஸ்டால்' என்ற நிலையின் வாசல். அதற்கு மேலும் இழுத்தால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். உயரமாகப் போய், வேண்டுமென்றே ஸ்டாலுக்குள் நுழைந்து, மூக்கைத் தாழ்த்தி மீள்வதைப் பழகிக்கொள்ளாமல் எந்த விமானியும் பயிற்சியைக் கடப்பதில்லை. தாம்பரத்தில் உருவாகும் பயிற்றுநர்கள் நாடெங்கும் போய்க் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

பெரிய பயணிகள் விமானம் இந்த உணர்வுகளில் பெரும்பாலானவற்றை விமானியிடமிருந்து எடுத்துவிட்டது. அறை அமைதியானது. மூக்கைப் பிடித்துவைக்கும் இழுவையைச் சமன்செய்யும் ட்ரிம், ஏ320-ல் தானாகவே நடக்கிறது. வேகம் குறைந்தாலும் கையில் கனம் கூடுவதில்லை. தானியங்கி உந்துவிசை என்ஜினைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் உந்துவிசை லீவர்கள் அசைவதில்லை. விமானிக்கு இதனால் வேலை எளிதாகிறது, களைப்பு குறைகிறது. ஆனால் உடம்பு இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்த சேதியை இப்போது யாராவது யோசித்து, வடிவமைத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

அதைக் கொடுக்கத்தான் திரையின் இடப்பக்கம் வேகப் பட்டை வந்தது. பழைய வட்ட வேகமானியில் முள் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை ஓரக்கண்ணாலேயே பார்த்துவிடலாம். எண்ணைப் படிக்கத் தேவையில்லை. பட்டையில் எண்கள் மேலும் கீழும் நகரும். கூர்ந்து பார்த்துப் படிக்க வேண்டும். இந்தக் குறையை ஈடுகட்டப் பட்டையின் ஓரத்தில் நிறங்கள் சேர்க்கப்பட்டன. இதற்குக் கீழே போகாதே என்று ஆம்பர். அதற்கும் கீழே சிவப்பு. இன்னும் 10 விநாடியில் வேகம் எங்கே இருக்கும் என்று காட்டும் ஓர் அம்பு. அந்த அம்புக்குறி அருமையான கண்டுபிடிப்பு. நடந்ததை விட்டுவிட்டு நடக்கப்போவதைச் சொல்கிறது. ஆனால் இவை அனைத்தும் பார்ப்பவருக்கு மட்டும்தான் சொல்லும். ஓடுபாதையைப் பார்ப்பவரிடம் திரை பேச முடியாது.

விதிப்புத்தகத்தில் ஒரு கணக்கு

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 25-ம் பகுதி இதற்கான அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அதில் ஸ்டால் எச்சரிக்கை பற்றிய விதி, ஸ்டால் நேரும் வேகத்துக்குக் குறைந்தது 5 நாட் அல்லது 5 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவு முன்னதாக எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்கிறது. அதைச் சோதிக்கும்போது வேகம் விநாடிக்கு ஒரு நாட் அளவுக்கு மேல் குறையக் கூடாது. அப்படியானால் எச்சரிக்கைக்கும் ஸ்டாலுக்கும் நடுவே ஐந்தாறு விநாடி.

அதே தொகுப்பில் இன்னொரு விதி இருக்கிறது. தரையிறங்குவதைக் கைவிட்டு மேலெழும்போது விமானம் எவ்வளவு ஏற வேண்டும் என்று வரையறுப்பது. லீவரை ஐடிலிலிருந்து முன்னே தள்ளி 8 விநாடி ஆனபின் என்ஜின் என்ன தருகிறதோ, அதை வைத்துத்தான் அந்த ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறது அது. பெரிய ஜெட் என்ஜின் கேட்டவுடன் கொடுக்காது. சுழலும் கனமான பாகங்கள் வேகமெடுக்க நேரம் வேண்டும்.

ஐந்தையும் எட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரத்தில் பறக்கும்போது இது சிக்கலே இல்லை. மூக்கைத் தாழ்த்தினால் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளலாம். ஸ்டால் எச்சரிக்கை அதற்காகத்தான் உருவானது. தரைக்கு 200 அடி மேலே இருக்கும்போது கொடுப்பதற்கு உயரம் கிடையாது. என்ஜினை மட்டுமே நம்ப வேண்டும். என்ஜினுக்கு எட்டு, விமானி புரிந்துகொண்டு கையை நகர்த்த இரண்டு மூன்று என்று வைத்தாலும் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. ஸ்டால் எச்சரிக்கையையே வேக எச்சரிக்கையாக எண்ணிக்கொண்டால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

எனவே குறைவேக எச்சரிக்கை என்பது ஸ்டால் எச்சரிக்கையிலிருந்து வேறான, அதற்கு முந்திய ஒன்றாக இருக்க வேண்டும். அது எங்கே தொடங்க வேண்டும் என்பதை நாட் கணக்கில் மட்டும் முடிவுசெய்யக் கூடாது. வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது, விமானம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, என்ஜின் எந்த நிலையில் கிடக்கிறது என்ற மூன்றையும் சேர்த்து, மீள்வதற்கு இன்னும் எத்தனை விநாடி மிச்சம் என்று கணக்கிட்டு ஒலிக்க வேண்டும்.

ஏர்பஸ் பின்னாளில் ஏ320 வகையில் சேர்த்த எச்சரிக்கை இந்த வழியில் வந்தது. இறக்கை மடிப்புகள் இறங்கும் நிலைக்கு விரிந்தபின், 2,000 அடிக்கும் 100 அடிக்கும் இடையே, வேகம் குறையும் விரைவையும் பாதையின் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 'ஸ்பீட், ஸ்பீட், ஸ்பீட்' என்று குரல் கொடுக்கும். லீவரைத் தள்ளு என்பதே அதன் பொருள். பெங்களூரில் அந்த மதியம் ஒலித்திருக்க வேண்டிய குரல் அது.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து

2013 ஜூலை 6, சான்பிரான்சிஸ்கோ. ஏசியானா 214, போயிங் 777. அதே தெளிவான பகல். கோளாறில்லாத விமானம். பெங்களூரில் போலவே இங்கும் விமானத்தை ஓட்டியவர் அந்த வகை விமானத்துக்குப் புதியவர். பக்கத்தில் சரிபார்க்கும் மூத்தவர். இங்கும் தானியங்கி உந்துவிசை வேகத்தைக் காக்கிறது என்று நம்பினார்கள். அது ஒதுங்கி நிற்கும் நிலைக்குப் போயிருந்தது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை இறங்கியது. கடல்சுவரில் வால் மோதியது. 307 பேரில் மூவர் இறந்தார்கள்.

அந்த விமானத்தில் குறைவேக எச்சரிக்கை இருந்தது. மோதலுக்குச் சுமார் 11 விநாடி முன்பு ஒலிக்கவும் செய்தது. ஆனால் ஒலித்தது நான்கு மணியோசை. வேறு பல எச்சரிக்கைகளுக்கும் பொதுவான ஓசை. எதற்காக அடிக்கிறது என்று தெரிய, ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுத்துத் திரையில் படிக்க வேண்டும். நூறடிக்கும் கீழே போன பிறகே மேலெழும் முடிவு வந்தது. அதற்குள் விமானத்திடம் அதற்கான சக்தி இல்லை. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சூழலை அறிந்து ஒலிக்கும் குறைசக்தி எச்சரிக்கையை உருவாக்கச் சொன்னது. அந்த வாரியம் இதைப் பேசத் தொடங்கி அப்போதே பத்தாண்டு ஆகியிருந்தது. 2002 அக்டோபரில் மினசோட்டாவில் செனட்டர் பால் வெல்ஸ்டோன் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற சிறுவிமான விபத்துக்குப் பிறகே, குறைவேக எச்சரிக்கைக் கருவிகளை ஆராயும்படி அது பரிந்துரைத்திருந்தது.

இடையில் 2009-ல் ஆம்ஸ்டர்டாம் அருகே துருக்கி ஏர்லைன்ஸின் 737 விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். இடப்பக்க உயரமானி ஒன்று, விமானம் ஏற்கெனவே தரைக்குக் கீழே எட்டடியில் இருக்கிறது என்று பிழையாகச் சொல்ல, தானியங்கி அதை நம்பி என்ஜின்களை ஐடிலுக்கு இழுத்துவிட்டது. பெங்களூர், ஆம்ஸ்டர்டாம், சான்பிரான்சிஸ்கோ என்று ஊர்கள் மாறின, கம்பெனிகள் மாறின. இயந்திரம் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

எப்போது வாயை மூட வேண்டும்

அப்படியானால் எல்லாவற்றுக்கும் உரக்கக் கத்தும் கருவியை வைத்துவிடலாமே என்று தோன்றும். அது தீர்வாகாது. ஒவ்வொரு விமானமும் தரையைத் தொடும் கடைசி விநாடிகளில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அப்போதும் எச்சரிக்கை அலறினால், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் அலறும். விமானி அதைக் காதில் வாங்காமலிருக்கப் பழகிவிடுவார். ஏ320-ன் குரல் 100 அடிக்குக் கீழே அடங்கிவிடுவது அதனால்தான்.

மௌனமும் ஆபத்தாகலாம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் 228 பேரோடு விழுந்த ஏர் பிரான்ஸ் 447 அதற்குச் சாட்சி. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்து வேக அளவு குழம்பியது. மூக்கு உயர்ந்து விமானம் ஸ்டாலுக்குள் போனது. 'ஸ்டால்' என்ற எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 விநாடி விடாமல் ஒலித்தது. ஆனால் அளவிடப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால், அந்தத் தரவு நம்பத்தகாதது என்று கணினி எச்சரிக்கையை நிறுத்திவிடும். மூக்கைத் தாழ்த்தும்போது வேகம் கூடி எச்சரிக்கை திரும்ப ஒலித்தது. மூக்கைத் தூக்கும்போது அடங்கியது. சரியான செயலுக்கு அலறலும் தவறான செயலுக்கு அமைதியும் பரிசாகக் கிடைத்தன. மென்பொருளில் எங்கோ எழுதப்பட்ட, தனியாகப் பார்த்தால் நியாயமான ஒரு நிபந்தனை அது.

எனவே நல்ல எச்சரிக்கைக்குச் சில இலக்கணங்கள் சொல்லலாம். மீள நேரம் இருக்கும்போதே வர வேண்டும். கண்ணை நம்பியிராமல் காதுக்கும் வர வேண்டும். என்ன கெட்டது என்பதோடு, என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சத்தத்திலேயே தெரிய வேண்டும். தேவையில்லாத இடத்தில் வாய் திறக்கக் கூடாது. தரவு கெட்டுப்போனால், கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். பேசாமல் நழுவக் கூடாது.

தெற்குப் புறநகரின் வேலை

பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947-ல், விமானிகள் கருவிகளைத் தவறாகப் படித்த நூற்றுக்கணக்கான நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 'விமானி பிழை' என்று ஒதுக்கப்பட்டவற்றில் பலவும் கருவியின் வடிவத்திலிருந்தே பிறந்தவை என்று காட்டினார்கள். மனிதருக்குப் பொருந்தும்படி இயந்திரத்தைச் செய்வது என்ற துறைக்கு அது ஓர் அடித்தளம். அதற்குக் காற்றுச் சுரங்கம் தேவைப்படவில்லை. கேட்கும் பொறுமையும், எண்ணிப் பார்க்கும் ஒழுக்கமும் போதுமாக இருந்தன.

அந்த வேலையை இங்கே செய்ய முடியும். ஃப்ளைட்கியர் என்ற பறத்தல் சிமுலேட்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வேகப் பட்டையை மாணவர்களே திருத்தி எழுதலாம். மணியோசை ஒன்று, குரல் ஒன்று, அதிரும் கைப்பிடி ஒன்று என்று மூன்று எச்சரிக்கைகளைச் செய்து, கவனத்தைத் திருப்பும் வேறு வேலைகளைக் கொடுத்துவிட்டு, யார் எத்தனை விநாடியில் லீவரைத் தள்ளுகிறார்கள் என்று அளக்கலாம். காட்டாங்குளத்தூர் வளாகத்தில் பொறியியலோடு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கண்ணும் காதும் களைப்பும் பற்றிக் கேட்க ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் விமானமும் மின்னணுவும் கருவியியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர் வகுப்பறைக்கு வந்து, புதியவர் எந்த நொடியில் வேகத்தை மறக்கிறார் என்று சொன்னால், அது எந்தப் பாடநூலிலும் கிடைக்காத தரவு.

தமிழ்நாடு இன்று விமானத் தொழிலுக்காகப் பெரிய ஆசைகளோடு நிற்கிறது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனைகளோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஏரோஸ்பேஸ் பூங்கா வந்திருக்கிறது. உலோகத்தைத் துல்லியமாகக் கடையத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய. அந்த உலோகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர் எதைப் பார்ப்பார், எதைக் கேட்பார், எதைத் தவறவிடுவார் என்பதைத் துல்லியமாக அறிந்தவர்களும் அதே அளவுக்கு வேண்டும். நாளை இங்கே உருவாகும் பயிற்சி விமானத்துக்கும், தொலைவிலிருந்து ஓட்டும் ஆளில்லா விமானத்துக்கும் இதே கேள்விதான் வரும். இருக்கையில் அமராமல் ஓட்டுபவருக்கு உடம்பு சொல்லும் சேதி அறவே கிடையாது என்பதால், அங்கே திரையின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

ஏரோ மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளில் இனி ஒரு பக்கம் கூடட்டும். வடிவமைத்த விமானத்தின் ஸ்டால் வேகம் எவ்வளவு என்று எழுதும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், அந்த வேகத்தை நோக்கி விமானம் சரியும்போது ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும், தெரிந்தபின் அவருக்கு எத்தனை விநாடி மிச்சமிருக்கும் என்று எழுதட்டும். அந்தப் பக்கத்தை நிரப்பாத அறிக்கைக்கு ஆசிரியர் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும். எச்சரிக்கைக்கும் ஸ்டாலுக்கும் நடுவே ஐந்து விநாடியே இருக்க, என்ஜின் எழ எட்டு விநாடி ஆகும் விமானத்தில், குறையும் அந்த விநாடிகளை முன்கூட்டியே சேர்த்துவைப்பது பொறியாளரின் கடமை. அதைத் தவறவிட்டுவிட்டு விபத்துக்குப் பிறகு விமானியின் பெயரை மட்டும் எழுதுவது நியாயமாகாது.